ஒரே பக்கத்தில் இரண்டு செவ்வாய்

இன்று காலை வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். எதிரில் ஒரு தகப்பனும் மகளும். அவர் கையில் எங்கள் பத்திரிகை.

"மாப்பிள்ளை பகுதியை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "பிள்ளைக்கு விருப்பமான இடம்தான். எண்டாலும் இப்ப செவ்வாய் சரியில்லையாம். ராசிபலனில போட்டிருக்கு."

மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அதே பக்கத்தில கீழ ஒருத்தன் செவ்வாய் வெறும் மண்ணும் கல்லும் எண்டு எழுதியிருக்கிறான். விசர்ப் பெடியன்!"

அந்த விசர்ப் பெடியன் நான்தான். யுத்தச் செய்தி போக மிஞ்சும் இடத்தில் விஞ்ஞானம் எழுதுகிறேன், சனங்களின் மூடத்தனத்தைத் திட்டித் திட்டி.

ராசிபலன் எழுதுவதும் நான்தான். இல்லாத ஒரு சாத்திரியாரின் பெயரில், ஆசிரியர் கேட்டபடி, தேநீர் ஆறுவதற்குள்.

வாய் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்: "ஐயா, ரெண்டையும் எழுதினது நான்தான். அந்தப் பலன் பொய்."

அவர் சிரித்தார். "சும்மா இரும் தம்பி. அந்தச் சாத்திரியார் எவ்வளவு படிச்ச மனுசன்!"

மகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். கோட்டை ரயில் நிலையம் வரும்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.

இந்த வார ராசிபலனில் செவ்வாய் மனமிரங்கிவிட்டது என்று எழுதப்போகிறேன். விஞ்ஞானத்தால் அந்தப் பெண்ணுக்கு உதவ வழி தெரிந்தவர்கள், அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.