ஆண்டுக்கொரு திசையில் கட்டில்

எங்கள் மாடியில் வசந்தம் பிறந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொண்டதில்லை. எதிர்வீட்டு லோ காம்-தோங் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டாலே தெரிந்துவிடும். முதலில் கட்டில், பிறகு துணி அலமாரி, கடைசியாக மீன்தொட்டி. கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு மரக்கதவைத் திறந்துவைப்பது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். அதனால் அவர் மனைவி மியூ-சிங் பேசுவதும் நடைவழி முழுக்கக் கேட்கும்.

"யோவ் கிழவா, போன வருஷம் அலமாரிய அங்க கொண்டுபோய் வச்சே. அரைத் தூக்கத்துல எழுந்து பாத்ரூம்னு நெனச்சு அதத் திறந்தேன். உன் நல்ல கோட்டு தப்பிச்சது என் புண்ணியம்."

"ஐந்தாம் மஞ்சள் இந்த வருஷம் இந்த மூலையிலதான் வந்து உக்காருது. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"அதையும் உன் வண்டியில ஏத்திக் கொண்டுபோய் அபர்தீன்ல எறக்கி விடேன்."

காம்-தோங் அபர்தீன் துறைமுகப் பக்கம் போகும் மினிபஸ்ஸின் ஓட்டுநர். ஐந்தாம் மஞ்சள் என்பது ஆண்டுக்கு ஒரு திசையாக இடம் மாறும் கெட்ட நட்சத்திரம். அது இருக்கும் திசையில் படுக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, சுவரைத் துளைக்கக்கூடாது. ஹாங்காங்கில் பாதிப் பேர் இதைப் பாதி நம்புவார்கள். காம்-தோங் முழுதாக நம்பினார். எங்கள் குடியிருப்பின் வீடுகள் ஒரே அறைதான். அதற்குள் எட்டுத் திசையையும் கண்டுபிடித்து, கட்டிலின் தலைமாடு எங்கே, கண்ணாடி எங்கே, அடுப்புக்கும் குழாய்க்கும் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டே இருப்பார். நெருப்பும் தண்ணீரும் ஒட்டி நின்றால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வருமாம். "அத நகர்த்தி நகர்த்தியே நாம சண்டை போடறோம்" என்பாள் மியூ-சிங். ஆனால் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தள்ளுபவளும் அவள்தான்.

அவர் சும்மா நம்பவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு பழைய கட்டிடத்தில் பலகையால் தடுத்த அறையில் குடியிருந்தார்கள். கட்டிலுக்கு நேர் மேலே பெரிய உத்தரம் ஓடியது. மியூ-சிங்குக்கு அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கரு கலைந்தது. யாரோ சொல்லி ஒரு ஃபெங் சுய் மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வயித்து மேல இவ்வளவு பாரத்த வச்சுக்கிட்டுப் படுத்தா பிள்ளை எப்படித் தங்கும்?" என்றாராம். கட்டிலை உத்தரத்துக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அடுத்த வருஷம் மகன் பிறந்தான். அன்றிலிருந்து காம்-தோங்குக்கு ஒரு வீட்டைக் காப்பது என்றால் அதில் உள்ள பொருள்களைச் சரியான இடத்தில் வைப்பதுதான். பேசிக் கொஞ்சத் தெரியாத மனிதர். நகர்த்தத் தெரியும்.

மியூ-சிங் சந்தைப் படிக்கட்டின் அடியில் தையல் மெஷின் போட்டு, கால்சட்டை மடிப்புத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்டுக்கொரு மிருகம் வரும் சீனக் கணக்கில் எலி வருஷத்தில், ஒருநாள் நூல் கோக்க முடியாமல் ஊசியை என்னிடம் நீட்டினாள். "இப்பல்லாம் ஊசிக் காத சின்னதாப் பண்றானுங்க ஹோன்" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே கோத்துக் கொடுத்தேன். இலையுதிர் காலத்தில் சந்தைக்குப் போகும் வழியில் பக்கத்தில் வந்த தள்ளுவண்டியைப் பார்க்காமல் அதன்மேல் மோதினாள். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். ஓரங்களிலிருந்து தொடங்கி உள்ளே வரும் நோய். மருந்து, அறுவை எல்லாம் பார்த்தார்கள். அடுத்த வருஷக் கடைசிக்குள் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த நாள்களில் ஒரு மாலை, மினிபஸ் நிற்கும் இடத்தில் காம்-தோங்கைப் பார்த்தேன். ஆள் நிறைந்து வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது. சிகரெட்டைப் பற்றவைக்காமலே கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, நான்தான் பண்ணேன்" என்றார்.

"என்ன பண்ணீங்க?"

"எலி வருஷம் ஐந்தாம் மஞ்சள் தெற்குல. தெற்குன்னா நெருப்பு. நெருப்புன்னா கண்ணு. நூல்கண்டு வைக்க ஒரு பலகை வேணும்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. தெற்குச் சுவருதான் காலியா இருந்துச்சு. ஒரு பலகைதானேன்னு ட்ரில்லு போட்டுட்டேன். அன்னிக்கு மட்டும் பஞ்சாங்கத்தப் பாக்கல."

"டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க என்ன சொல்றீங்க?"

"டாக்டர் எப்படி வந்துச்சுன்னு சொன்னாரு. ஏன் வந்துச்சுன்னு சொல்லல." வண்டியில் ஏறிக்கொண்டார். "அவகிட்டச் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை.

பார்வையற்றோருக்கான ஒரு சங்கத்திலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, கறாரான பேச்சு. சுவரைத் தொட்டு நடப்பது, கெண்டியிலிருந்து வெந்நீர் ஊற்றுவது, கோலைத் தட்டி லிஃப்ட் வரை போவது எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். மியூ-சிங் வாயாடிக்கொண்டே கற்றுக்கொண்டாள். கடைசி நாள் அந்தப் பெண் காம்-தோங்கை நிற்கவைத்துச் சொன்னாள்.

"மாமா, இனிமே இந்த வீட்டுல எதுவும் இடம் மாறக்கூடாது. கதவு முழுசாத் திறந்திருக்கணும், இல்ல முழுசா மூடியிருக்கணும். ஸ்டூலக்கூட நகர்த்தாதீங்க. ஆன்ட்டிக்கு இப்ப இந்த வீடு மனப்பாடம். நீங்க ஒண்ணை மாத்தினா மொத்தமும் போயிடும்."

காம்-தோங் தலையாட்டினார். மியூ-சிங் வாய்விட்டுச் சிரித்தாள். "ஆள் தெரியாமச் சொல்றியேம்மா. இவருகிட்டப் போய்!"

எலிக்கு அடுத்த மாட்டு வருஷமும் முடிந்து புலி வருஷம் பிறக்க இருந்தது. அவர் வழக்கமாகக் கேட்கும் மாஸ்டர், ஐந்தாம் மஞ்சள் தென்மேற்கில் வருகிறது என்றார். தென்மேற்கு என்பது வீட்டின் தாய்க்குரிய மூலை. அவர்கள் கட்டில் அங்கேதான் கிடந்தது.

வசந்தம் பிறந்தது. எதிர்வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கீழ்வீட்டுக்காரர் என்னிடம் லிஃப்டில் கேட்டார், "என்னாச்சு, அவருக்கு உடம்பு சரியில்லையா?" காம்-தோங் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பித்தளைச் சுரைக்குடுக்கையைத் தொங்கவிட்டதோடு நிறுத்திக்கொண்டார். கெட்டதை அந்த உலோகம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது கணக்கு. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். மியூ-சிங்குக்குப் பெருமை. "நாற்பது வருஷப் பைத்தியம், எனக்காகத் தெளிஞ்சிருச்சு" என்று சந்தையில் காய் வாங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

தெளியவில்லை. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் அவர் கட்டிலைத் தூக்கி, சத்தம் வராமல், உள்ளங்கை அகலம் கிழக்கே தள்ளி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவ்வளவுதான். அவ்வளவுக்கு அவளுக்குத் தெரியாது, கால் தானாகப் பழகிக்கொள்ளும் என்று நினைத்தார். அவள் முழங்காலில் இடித்துக்கொண்டாள். கை நீட்டினால் சுவர் தள்ளிப் போயிருந்தது. தனக்குத்தான் வீடு மறந்துபோகிறது என்று எண்ணிக்கொண்டாள். கண் போனதை விட இதுதான் அவளைப் பயமுறுத்தியது. புத்தியும் போகிறதோ என்று ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "வயசாகுதுல்ல" என்றேன். எனக்கென்ன தெரியும்?

கட்டில் நகர நகர, அலமாரி இடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதையும் சமையலறை வாசல் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் பத்திரிகை வாங்கக் கீழே போனார். மியூ-சிங் தாமரைக்கிழங்கு சூப் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அலமாரி முனை தோளில் மோதியது. சட்டி உடைந்த சத்தம் கேட்டு நான் ஓடினேன். கம்பிக் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன். அவள் சூப்புக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு கையால் மற்றொரு கையைத் தாங்கிக்கொண்டு, "கதவு எந்தப் பக்கம்? ஹோன், கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் லிஃப்டிலிருந்து காம்-தோங் வந்துவிட்டார். பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டுச் சாவியால் கதவைத் திறந்தார்.

மணிக்கட்டு முறிவு, தொடையில் சூட்டுக்கொப்புளம். ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். காம்-தோங் கால்மாட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கட்டில், அலமாரி, உள்ளங்கை அகலம். மியூ-சிங் முகத்தில் ரத்தம் ஏறியது.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நெனச்சேன். தெரியுமா உனக்கு? ராவும் பகலும் அதையே நெனச்சு நெனச்சு... என் வீட்டுல எனக்கே வழி தெரியலைன்னு. நீ பக்கத்துலயே படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ விடமாட்டே."

"ஏன் விடமாட்டேன்? நாப்பது வருஷமா விடலையா? தள்ளு தள்ளுன்னா தள்ளலையா? சொல்லித் தொலைச்சிருந்தா கையால தடவிப் பாத்துக் கத்துக்கிட்டிருப்பேன்யா!"

பக்கத்துக் கட்டில் நோயாளி எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தாள். காம்-தோங் குரலைத் தாழ்த்தினார். ஏன் அவ்வளவு பயந்தார் என்று அப்போதுதான் சொன்னார். தெற்குச் சுவர், நூல்கண்டுப் பலகை, ட்ரில். சொல்லும்போது அழுதார். அவர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மியூ-சிங் கட்டுப் போடாத கையை நீட்டி அவர் சட்டையைத் தேடினாள். அவர் அருகே வந்தார்.

"பலகை எப்ப அடிச்சே?"

"எலி வருஷம், அஞ்சாம் மாசம். படகுத் திருவிழா கழிஞ்சு."

"அதுக்கு முந்தின வருஷமே எனக்கு ஓரம் தெரியல. சந்தையில ஆளுங்க திடீர்னு மொளைச்சு வந்த மாதிரி இருக்கும். பல்லு வலிக்கே நீ என்னை நாலு டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போற ஆளு. கண்ணுன்னு சொன்னா மெஷின மூடச் சொல்லுவே. அதான் சொல்லல. எப்பவும் நீட்டற எடத்துலயே கைக்கு நூல்கண்டு கெடைக்கணும்னுதான் பலகையே கேட்டேன்."

"அப்ப பலகை..."

"பலகைக்கு முன்னாடியேடா, முட்டாளே."

நான் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக்கொண்டு கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அவளுக்கு ஒவ்வொரு சுளையாக ஊட்டிக்கொண்டிருந்தார். "கொட்டைய எடுத்துட்டுக் குடுய்யா" என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் வான்கூவரிலிருந்து கூப்பிட்டான். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. "அப்பா, இன்னுமா அந்த மாஸ்டர் பேச்சைக் கேக்குறீங்க? அம்மா கையே போச்சு!" மியூ-சிங்தான் பதில் சொன்னாள். "நீ சும்மா இருடா. ஒரு கட்டில நகர்த்தினதுலதான் நீயே பொறந்தே. சாப்டியா, அதச் சொல்லு."

அவள் மாஸ்டரை நம்பினாளா என்று நான் கேட்டிருக்கிறேன். "எனக்குத் தெரியல. அவரு நிம்மதியாத் தூங்கினா நானும் தூங்குவேன். அது தெரியும்" என்றாள்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில், பாதியில் நின்ற கட்டிலை முழுதாகக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோகச் சொன்னாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அவள் நல்ல கையைக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். வைத்த பிறகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். கட்டிலின் மூலை, அங்கிருந்து ஜன்னல், அலமாரியின் கைப்பிடி, மீன்தொட்டியில் நீர் குமிழும் சத்தம் எந்தக் காதில் விழுகிறது என்பதுகூட. காம்-தோங் பின்னாலேயே கைகளை விரித்துக்கொண்டு போனார், குழந்தை நடக்கப் பழகும்போது போவதுபோல. "எட்டிப் போய்யா, உன் மூச்சு சுடுது" என்று விரட்டினாள்.

அடுத்த வசந்தத்தில் அவர் ஐந்தாம் மஞ்சள் பேச்சையே எடுக்கவில்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"முயல் வருஷம் எங்க?"

"விடு."

"எங்கன்னு கேட்டேன்."

"கிழக்கு."

"மறுபடியும் என் தலைக்கு மேலயா? இது என்ன, என்னைத் தேடிக்கிட்டே வருது" என்று சொல்லிவிட்டு, கோப்பையை வைத்து எழுந்தாள். "ஹோனக் கூப்பிடு. வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சிரலாம்."

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். சொல்லிவிட்டு நகர்த்துவது, அவள் கை மரத்தின்மேல் இருக்கும்போது நகர்த்துவது. பயிற்சிப் பெண் ஒருமுறை பார்க்க வந்து, வீடு மாறியிருப்பதைக் கண்டு திகைத்துப் போனாள். மியூ-சிங் அவளைக் கைபிடித்து உட்காரவைத்து, தானே போய்த் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

காம்-தோங் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. எங்கள் கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். குன்றின் மறுபக்கம் புதிய அடுக்ககத்தில் வீடு தருகிறார்கள். போன வாரம் அவர்களுக்கு ஒதுக்கிய வீட்டைப் பார்க்க மூவரும் போனோம். சிமெண்ட் வாசனை அடித்தது. அவர் திசைகாட்டியை எடுத்து அறையின் நடுவில் நின்றார். அவள் கோலை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, வாசலிலிருந்து இடது சுவரைத் தொட்டபடி நடக்க ஆரம்பித்தாள்.

"சிங், கட்டில் இங்க" என்றார் அவர்.

"இங்கன்னா எங்க? பேசிக்கிட்டே இரு, சத்தத்த வச்சு வரேன்."

அவர் பேசிக்கொண்டே நின்றார். அவள் வந்து அவர் பக்கத்தில் நின்று, காலால் தரையைத் தேய்த்தாள், முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தாள்.

"இங்க வேணாம். ஜன்னல்கிட்டப் போடு. கப்பல் ஊதறது கேக்குது அங்க."

"ஜன்னலுக்குக் கீழ தலை வைக்கக்கூடாது. முதுகுக்கு ஆதரவு இல்ல."

"நீ இருக்கியே."

"அது வேற கணக்கு."

அடுத்த மாதம் மாறிப் போகிறார்கள். எனக்கு அதே மாடியில் வீடு கிடைத்திருக்கிறது, எதிரில் இல்லை, மூன்று கதவு தள்ளி. கட்டில் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்றும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.