நைட் ஷிப்ட் அப்பா நடத்திய மே மாச வகுப்பு

டன் கணக்குல இரும்பைத் தூக்கி எறக்கறது சுலபம்ங்க. லீவுல ரெண்டு பசங்களைப் பாய்ல உக்கார வச்சுப் படிக்க வைக்கறதுதான் கஷ்டம். என்னை மாதிரி மாட்டிக்கினு முழிக்கிற அப்பா அம்மாக்களே, உங்களுக்குச் சொல்லவா வேணும்?

கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்பு மில்லுல கிரேன் ஓட்டறேன். என் சம்சாரம் ஸ்டெல்லா பேக்கிங் வேலைக்குக் காலையில கம்பெனி வேன்ல போயிடுவா. நைட் ஷிப்ட் வந்தா பகல்ல வீட்டுல நான்தான், வாத்தியாரும் நான்தான். பொண்ணு ஜெனி ஜூன்ல பெரிய ஸ்கூல்ல ஆறாவது சேரணும். மனசுக்குள்ள நல்லாப் படிப்பா. வாய்விட்டுப் படின்னா நாக்கு ஒட்டிக்கும். "அங்க எழுந்து நின்னு படிக்கச் சொல்வாங்க, பழக்கி அனுப்புங்க"ன்னு பழைய ஸ்கூல் டீச்சர் சொன்னதுலேர்ந்து புள்ள ஒரே அடம்: "எல்லாம் சிரிப்பாங்கப்பா, நான் அந்த ஸ்கூலுக்குப் போமாட்டேன்."

சத்தமில்லாத வாய்ப்பாடு

பகல்ல நான் தூங்கறப்போ பசங்க மூச்சு விடக் கூடாதுன்னு ஸ்டெல்லா உத்தரவு. மூணாவது போகப்போற பையன் சாம் அந்த நேரத்துலதான் ஏழாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணியிருக்கான். சாயங்காலம் எழுந்து "எங்க, சொல்லு"ன்னேன். உதடு மட்டும் படபடன்னு ஆடுது, வெறும் காத்துதான் வருது. முடிச்சிட்டுப் பெருமையா நிமிர்ந்து வேற பாக்கறான். "இன்னாடா இது, சத்தத்தைக் காணோம்?"னேன்.

"நீ தூங்கும்போது கத்துக்கினதுப்பா, அது இப்படித்தான் வரும்."

மில்லுக் குரல்

அடுத்து ஜெனி. கதைப் புத்தகத்தைக் குடுத்து எதிர்ல உக்காந்தேன். ரெண்டு வரி ஓடிச்சு. 'வழிப்போக்கன்'ல தடுக்கினா. 'ச்சு'ன்னு கொட்டிட்டேன். அவ்ளோதான், குரல் உள்ள போயிடுச்சு. "சத்தமா படி, சத்தமா!"ன்னேன். மெஷின் இரைச்சல்ல பேசிப் பேசி நான் சாதாரணமாப் பேசறதே கத்தறதுதான். புள்ள கண்ணுல தண்ணி. அப்பதான் வேலை முடிஞ்சு வந்த ஸ்டெல்லா, தோள் பையைக்கூட எறக்காம வாசல்லயே நின்னா.

"யோவ், இது ஊடு. மெதுவா சொன்னாலும் காதுல வுழும்."

தலகாணி வகுப்பு

மறுநாள் காலையில வேலை முடிஞ்சு வந்து நாஷ்டா பண்ணிட்டு, "படிம்மா"ன்னு மெதுவாத்தான் சொன்னேன். வாயே தொறக்கல. நானும் பொறுமையா காத்துக்கினு இருந்தேன், இருந்தேன்... அப்படியே தலகாணியில சாய்ஞ்சிட்டேன்.

முழிப்பு வந்தப்போ யாரோ கதை படிக்கற சத்தம். யானைக்கு ஒரு குரல், அணிலுக்கு ஒரு குரல். அடியம்மா, நம்ம ஜெனி! நடுவுல தடுக்கினா; தானே திரும்பிப் போய்ச் சரியாப் படிச்சா. எழுந்து கட்டிப் புடிச்சிக்கணும்போல இருந்துச்சு. மூக்குமேல ஈ உக்காந்துச்சு, அசைஞ்சா படிக்கறதை நிறுத்திடுவாளேன்னு கண்ணை மூடிக்கினே கெடந்தேன். சாம் குசுகுசுன்னு கேட்டான்: "அப்பா தூங்கினு கீது, நீ யாருக்குக்கா படிக்கிற?"

"அப்பாவுக்குத்தான்டா. தூங்கறப்போதான் அது 'ச்சு' கொட்டாது."

ஊர்ல இருக்கற அப்பாங்க எல்லாம் புள்ளைங்க படிக்கணும்னு கண்ணு முழிச்சிக்கினு கெடக்க, நான் மட்டும் பகல் ஷிப்ட் வாரத்துலகூட வீட்டுக்கு வந்ததும் பாயைப் போட்டு, ஜெனிக்காகக் குறட்டை வுட்டுக்கினு இருக்கேன்.