கூடத்தில் ஊற்றிய தண்ணீர்

தரை மேஸ்திரி ஒரு காலத்தில் தன் மச்சானுக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். கல் தேய்க்கிற மெஷின் வாங்கத்தான் அந்தக் கடன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள், அதை வட்டியோடு அடைத்து முடித்து, பிறகு ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக் கூடத்துத் தரையைப் போட்டது யார்? அவர்தான். அங்கே வழுக்கி விழுந்தவன் ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம்!

ஆனால் அந்த மெஷின் கிளப்பிய கல்தூசு, வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையிலிருந்து அடுக்களைவரை வந்து, அவர் மனைவியின் நெஞ்சில் குடியேறிவிட்டது. நாலு படி ஏறினால் இரைத்தது. கடலோரமாகப் போய்விடுங்கள் என்றார் டாக்டர். மேஸ்திரி பட்டறையை விற்றார். கையிலிருந்த காசுக்குப் பழைய வீடுதான் கிடைக்கும். போகிற வீட்டிலெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றுவார், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். அத்தோடு அந்த வீட்டின் கதை முடிந்தது.

"இதுதாங்க கடைசி," என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள் மனைவி. "இதையும் நொட்டை சொன்னீங்கன்னா நான் அந்தத் தூசியிலயே கெடந்துக்கறேன். இனிமே வீடு வீடா ஏறி இறங்க என்னால ஆகாது."

வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தோடு வாசலிலேயே நின்றாள். ஜன்னல் கம்பியெல்லாம் துரு. அதற்கு மேஸ்திரி அசரவில்லை; சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் போயிற்று. மனைவி நேரே பின்பக்கம் போய் ஜன்னலைத் திறந்தாள். கடல்காற்று முகத்தில் மோத, கண்ணை மூடி அப்படியே நின்றாள். அவள் தோள் இறங்கியதை அவர் பார்த்தார். இந்த வீடு தேறிவிட வேண்டுமே என்று முதல்முறையாக அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

கூடத்தில் டம்ளரைக் கவிழ்த்தார்.

தண்ணீர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மொத்தமும் ஒரே ஓட்டமாக ஓடி, மூலையிலிருந்த இரும்பு அலமாரிக்கு அடியில் நுழைந்துகொண்டது. இன்னொரு பக்கம் ஊற்றினார். அதுவும் அங்கேயே ஓடியது.

"மூலை உள்வாங்கிடுச்சு," என்றார் மெதுவாக. "அஸ்திவாரமே போச்சும்மா."

மனைவி போய் ஜன்னலைச் சாத்தினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"என்னண்ணே, என் வீட்டுல தண்ணி விட்டு விளையாடறீங்க?" என்றபடி உள்ளே வந்த வீட்டுக்காரம்மா, விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "அஸ்திவாரமாவது போறதாவது! எங்க வீட்டுக்காரர் இங்கதான் சலவை நடத்தினாரு. லாட்ஜு லாட்ஜா விரிப்பு வந்து குவியும். அலசின தண்ணி நிக்கக்கூடாதுன்னு வேணும்னே சாய்ச்சுப் போட்ட தரை. வாங்க, அந்த அலமாரிய ஒரு கை பிடிங்க."

நகர்த்தினார்கள். அடியில் பழந்துணி அடைத்த சாக்கடை வாய், மேலே இரும்புச் சல்லடை. மேஸ்திரி விடவில்லை. படுக்கையறையில் ஊற்றினார், அடுக்களையில் ஊற்றினார். ஊற்றின இடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தது தண்ணீர். சுவரெல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை சிமெண்ட் இறங்கின மாதிரி இருந்தது.

"ஊருக்கே தரை போட்டவருக்கு ஒரு சாக்கடை தெரியலையே!" என்றாள் மனைவி.

"எனக்கா தெரியாது? அந்தம்மா வாயிலேருந்து வரட்டும்னு பார்த்தேன்."

"பார்த்தீங்க, பார்த்தீங்க. மூஞ்சி வெளுத்துப்போய்ப் பார்த்தீங்க."

அவர் காதில் விழாதவர்போல வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினார். "தரைய மட்டம் பண்ணணுமேம்மா. அந்தக் கூலியையாவது விலையில குறைங்க."

"யாருக்குண்ணே கூலி? உங்களுக்கு நீங்களே குடுத்துக்கப் போறீங்களா?"

மனைவிக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிற்று. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒரு தொகையைத் தானே குறைத்துச் சொல்லி, "அட்வான்ஸ் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கையை நீட்டினாள்.

பணம் மனைவியின் பையில் இருந்தது. மேஸ்திரி வாங்கப் போனார், அவள் கொடுக்கவில்லை. சாத்திய ஜன்னலை மறுபடி திறந்துவிட்டு வந்து, வீட்டுக்காரம்மா விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாகச் சத்தம்போட்டு எண்ணி வைத்தாள். நடுவில் ஒருதரம் மூச்சு வாங்க நின்றாள். நீட்டிய கை அசையாமல் காத்திருந்தது. மீதியையும் எண்ணி வைத்தாள்.