சுடுதண்ணிக் குளமும் அப்பாவின் இடது காலும்

போலந்தில் மருத்துவம் படித்த மகளின் பட்டமளிப்புக்குப் போனபோது, மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஊற்று நகரத்துக்கு அவள் என்னை அழைத்துப் போனாள். அங்கே வந்தவர்கள் மூக்கு வைத்த கோப்பைகளில் ஊற்று நீரை வாங்கி, உறிஞ்சிக்கொண்டே பூங்காவில் நடந்தார்கள். நான் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தேன். அழுகிய முட்டை நாற்றம். மலேசியாவில், கெர்லிங் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருந்த சுடுதண்ணிக் குளமும் இப்படித்தான் நாறும்.

மண்டபச் சுவரில் அந்த ஊரின் வரலாறு இருந்தது. மகள் படித்துச் சொன்னாள். ஊற்றைக் கண்டவர், நீரைச் சோதித்த வைத்தியர், மரத்தொட்டிகளுக்குச் சேறு சுமந்த பெண்கள் எல்லாரும் பெயர் பெயராக இருந்தார்கள். விடுதி நடத்திய யூதக் குடும்பங்களைப் போர்க்காலத்தில் கொண்டு போனதையும், அவர்கள் திரும்பாததையும் எழுதியிருந்தார்கள். தோல் வியாதிக்காரர்களுக்குத்தான் அங்கே முதல் மரியாதையாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் குளத்துக்கும் வரலாறு உண்டு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு முழங்கால் வாதம். கங்காணி வேலை பார்த்த மண்டோர், அப்பாவையும் சேர்த்து நான்கு பேரை அனுப்பி, பால்வெட்டு முடிந்த பிறகு ஊற்றைத் தோண்டிக் கல் கட்டச் சொன்னார். கரை சரிந்து, அப்பாவின் இடது கால் முழங்கால்வரை கொதிக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. தோல் உரிந்து, ஆறியபின் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். துரை குளித்தார், வாதம் தீர்ந்து ஊருக்குக் கப்பலேறினார்.

இப்போது தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. குளத்தைச் சுற்றி வேலி போட்டு, யாரோ தனியார் டிக்கெட் கிழிக்கிறார்கள். வாசல் பலகையில், இதைக் கண்டுபிடித்துக் கட்டியவர் துரை. நோகாமல் நுங்கு தின்றவர் பெயர்தானே பலகையில் ஏறும்! ஊர் திரும்பியதும், அப்பாவின் பெயரோடு ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லி அந்த நிர்வாகத்துக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் போட்டேன். தொலைபேசியில் ஒருவர் பேசினார்.

“ஆதாரம் ஏதாச்சும் இருக்கா சார்? போட்டோ, லெட்டர்?”

புக்கிட் பெலிம்பிங்கில் என்னோடுதான் இருக்கிறார் அப்பா, எண்பது தாண்டிவிட்டது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அதான் காலு இருக்கில்ல. கொண்டு போயி காட்டுடா.”

அழைத்துப் போனேன். தொலைபேசியில் பேசியவர் வெளியே போயிருந்தார், மதியத்துக்கு மேல்தான் வருவாராம். “வந்தது வந்தோம், காலையாவது நனைச்சிக்கிறேன்” என்றார் அப்பா. கல் கட்டைத் தடவிப் பார்த்து, “இந்த மூலை நான் வச்சது” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அம்மா போனபின் நான் பார்க்கவில்லை. கைலியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

டிக்கெட் கொடுத்த பெண் ஓடி வந்தாள். நம் பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள்.

“தாத்தா, தோல் வியாதி உள்ளவங்க எறங்கக் கூடாது லா. மத்தவங்க கம்ப்ளேன் பண்ணுவாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். “இல்லம்மா, சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்றார். அந்த வெள்ளைத் திட்டுகளை இத்தனை வருஷமாக எல்லாருக்கும் காட்டிக் கதை சொன்னவர், கைலியைக் கணுக்கால்வரை இறக்கி, காரில் ஏறும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.