அப்பா துணியில்லாமல் கிடந்த மழைக்காலம்

முதுகிலிருந்து வாழையிலையை உரித்தெடுக்கும்போது, ஈரக் காகிதத்தைச் சுவரிலிருந்து பிய்ப்பதுபோல ஓர் ஓசை வரும். அதன் பின்னாலேயே தேங்காய் எண்ணெயும் மருந்தும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவும். ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில், நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டின் மழைக்காலம் முழுவதும் காலையும் மாலையும் அந்த ஓசையும் வாடையும் இருந்தன. இலையின் மேல் படுத்திருந்தவர் என் அப்பா.

அவர் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே நீராவிக் குழாய் வெடித்து, கழுத்துக்குக் கீழே முழங்கால்வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது, "துணி மேல படவே கூடாது, புண்ணுல ஒட்டிக்கும்; நல்லா காத்து வர்ற மாதிரி வெச்சுக்கங்க" என்று டாக்டர் சொன்னார். அம்மா அதை அப்படியே செய்தாள். சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து இலைக்கட்டு வாங்கி வந்து, பாயின்மேல் விரித்து, அப்பாவை அதில் கிடத்தினாள். மேலே போர்த்த எதுவும் இல்லை.

அதற்கு முன் நான் அப்பாவைச் சட்டையில்லாமல் பார்த்ததே அரிது. குழாயடியில் குளித்தாலும் இடுப்பில் லுங்கியோடுதான் குளிப்பார். ஈர லுங்கியின் மேல் உலர்ந்ததைச் சுற்றிக்கொண்டு, உள்ளிருப்பதை நழுவவிடுவதில் அப்படி ஒரு பழக்கம். வாசலில் யாராவது வெறும் மேலோடு உட்கார்ந்திருந்தால், "என்னா மனுசன், மானம் வேணாவா?" என்று முணுமுணுப்பார். அப்படிப்பட்டவர் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி நாள் முழுக்கக் கிடந்தார். எங்களோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். முதலிரண்டு நாட்கள் நான் சுவர்ப்பக்கம் திரும்பியே சாப்பிட்டேன். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று. அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன், ஈ ஓட்டினேன், பக்கத்தில் உட்கார்ந்தே வீட்டுப்பாடக் கணக்கை எழுதினேன். வருத்தப்பட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

ஒரே வாசலும் ஒரே குழாயுமாக ஆறு வீடுகள் இருந்த வரிசை அது; கன்னடக்காரர்களைப் போல நாங்களும் அதை "வட்டாரா" என்போம். குழாய்க்குப் போகிற எல்லாரும் எங்கள் கதவைக் கடந்துதான் போகவேண்டும். அம்மா கதவில் பழைய புடவை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காற்றடித்தால் அது தூக்கும். தூக்கும்போதெல்லாம் வெளியே குடங்களின் சத்தம் சட்டென்று நின்று, பிறகு வேகமாக நகரும்.

ஒருநாள் காலையில் முதல் வீட்டிலிருந்த ஓனரம்மா வந்தாள். கெட்டவள் இல்லை, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொடுத்தனுப்பியவள். அவள் உள்ளே வராமல், புடவைக்கு வெளியிலேயே நின்று பேசினாள்.

"நோடு, இங்க பாரு மல்லிகா, தப்பா நெனைக்காத. பொம்பளைங்க போற வர்ற எடம். எல்லாரும் என்கிட்ட வந்து சொல்றாங்க. கதவையாவது சாத்திக்கோ."

"சாத்துனா காத்து வராதுக்கா. சீழ் வெச்சிடும்," என்றாள் அம்மா.

"உன் வீட்லயும் பொம்பளப் புள்ள இருக்கு. அவளுக்காகவாவது யோசி."

"அவ அப்பாதான்க்கா. ஒடம்பு வெந்து கெடக்கு. இதுல பாக்க என்ன இருக்கு?"

ஓனரம்மா போய்விட்டாள். அத்தனையும் அப்பாவின் காதில் விழுந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார்.

அன்று அம்மா காக்ஸ் டவுனில் வீட்டு வேலைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போனபின், அவர் எப்படியோ எழுந்து, கொடியில் கிடந்த லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அது மஞ்சளாக ஊறி, உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆறவைத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றி, நூல் நூலாக எடுத்தாள். விளக்கு வைத்தபின்பும் அது முடியவில்லை. அப்பா கத்தவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். துணியோடு சேர்ந்து புதிதாக வந்த தோலும் வந்தது. வட்டாராவில் அன்று யாரும் ரேடியோ வைக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா கதவிலிருந்த புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள். "பாக்கறவங்க நல்லா பாத்துக்கட்டும்," என்றாள், யாரிடமும் என்றில்லாமல். கதவு அகலத் திறந்து கிடந்தது. அப்பா முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் எடுத்தார்கள். அடுத்த நாள் பக்கத்து வீட்டு டெய்லர் பாய் வாசலில் நின்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் தலைமாட்டில் குந்தி, "ராத்திரி ஒறக்கம் வந்துச்சா அண்ணா?" என்று கேட்டார். பாய் தானாகவே மழையைப் பற்றியும் சந்தில் தேங்கிய சாக்கடையைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலிண்டர் போடுகிறவர் அப்பாவைத் தாண்டிப்போய் சிலிண்டரை அடுப்போடு மாட்டிவிட்டு, போகிறபோக்கில் நலம் விசாரித்தார். ஓனரம்மா இலை மாற்றுவதற்கு ஒருபக்கம் பிடித்தாள். அவள் கண் புண்ணில்தான் இருந்தது, வேறெங்கும் போகவில்லை. ஒளித்து வைத்திருந்த வரைக்கும் எல்லாரையும் கூசச் செய்த உடம்பு, திறந்து வைத்ததும் அந்த அறையின் மற்ற சாமான்களில் ஒன்றாகிவிட்டது. ஒருநாள் பாய் எழுந்து போகும்போது, "தண்ணி லாரி வந்துச்சா பாய்?" என்று அப்பா கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

தீபாவளிக்கு முன்பே புண் ஆறியது. ஆறிய இடத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. தொட்டால் தெரியவில்லை என்றார். எழுந்து நடந்த முதல் நாளே முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார். அந்த மழைக்காலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, வட்டாராவில் வேறு யாரும் பேசவில்லை. பல வருடம் கழித்து, அந்தச் சட்டைகளில் ஒன்றோடுதான் அவரை அடக்கம் செய்தோம்.

இப்போது அந்த ஆறு வீடுகள் இல்லை. அங்கே நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. யார் கதவையும் யாரும் கடக்கவேண்டியதில்லை. அம்மா என்னோடு அடுக்ககத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வந்தவளுக்குக் குளிக்க உதவி தேவைப்பட்டது; கட்டு மாற்ற ஒரு நர்ஸும் தினம் வந்துபோனாள். நான் வெந்நீரை விளாவி வைத்துவிட்டுப் புடவையை வாங்கக் கை நீட்டினேன்.

"நீ வெளிய இரு. அந்த நர்சு பொண்ணு வரட்டும்," என்றாள்.

"நான்தானேம்மா."

"அதான். நீ வேணாம்."

நர்ஸ் வந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தமும், அம்மா அந்தப் பெண்ணின் ஊரைக் கேட்கும் குரலும் வந்தன. நான் துண்டோடு வெளியே நின்றிருந்தேன்.