டிரைவர் பக்கத்துத் துண்டு

ரியாத்திலிருந்து உமர் பாரூக் அனுப்பிய பெட்டி மேலப்பாளையத்து வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியபோது, அதில் தனக்கு ஒரு சேலையாவது இருக்கும் என்று ஜுபைதா பீவி நம்பினாள். இருந்தவை நான்கு ஃபைபர் துண்டுகள். வீட்டில் நின்ற மாருதி காரின் மோவாய்க்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று, கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுவதற்கு இரண்டு. இவற்றை மாட்டினால் சாதாரண வண்டி பந்தய வண்டியாகத் தெரியுமாம். தெரிந்து என்ன செய்ய? மேலப்பாளையம் பஜாரில் ஒரு மாட்டுவண்டியைத் தாண்டவே பெரும்பாடு படவேண்டும்.

பெட்டியோடு ஒரு கேசட்டும் வந்திருந்தது. சவுதிக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதை விட்டு கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துதான் கேட்பார்கள். புருஷன் பொண்டாட்டிக்கு ரகசியமாக ஒரு வார்த்தை சொல்ல அதில் வழி கிடையாது. ஆனாலும் ஜுபைதா ஒரு வழி பண்ணியிருந்தாள். போன தடவை பதில் கேசட் பதிந்தபோது, மாமியார் தொழ எழுந்துபோன நேரம் பார்த்து, மைக்குக்குள் வாயை வைத்துக் கேட்டிருந்தாள்: “இந்தத் தடவை வந்தா இங்கனயே இருந்திருவியளா, இல்ல திரும்பிப் போயிருவியளா?”

கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் அவன் ஊரில் இருந்தது இரண்டு லீவு. அவன் முகம் போட்டோவில் இருப்பதுபோலத்தான் அவளுக்கு ஞாபகம் வரும். அதனால் இந்தக் கேசட்டில் பதில் இருக்கும் என்று டேப் ரிக்கார்டரை ஒட்டி உட்கார்ந்தாள்.

உமர் பாரூக் எல்லோருக்கும் சலாம் சொன்னான். அதற்குப் பிறகு முழுக்க வண்டிதான். “வார வெள்ளிக்கெழம திருவனந்தபுரத்துல எறங்குதேன். அதுக்குள்ள மாட்டி, அந்த வண்டியிலயே என்னைக் கூப்பிட வரணும். ரெண்டு பக்கத் துண்டுலயும் வலது, இடதுன்னு அரபுல எழுதி ஒட்டியிருக்கும். ஜுபைதா வாசிச்சிருவா.”

ஜுபைதா துண்டுகளைப் பார்த்தாள். ஒன்றிலும் எழுத்தில்லை.

“நாந்தான் உரிச்சேன்” என்றார் மாமியார். “அரபு எழுத்த கொண்டுபோயி சக்கரத்துகிட்ட மாட்டுவியளோ? சேறு தெறிக்கும்லா!”

தேங்காயெண்ணெய் தடவிப் பதமாக உரித்து, இரண்டு சீட்டுகளையும் அலமாரியின் மேல்தட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். ஜுபைதா எடுத்து வாசித்தாள். ஒன்று யமீன், ஒன்று யசார். யமீன் என்றால் வலது என்று ஓதப்போன நாளில் உஸ்தாது சொல்லித் தந்திருந்தார். எல்லாம் சரி, எந்தச் சீட்டு எந்தத் துண்டில் இருந்தது?

“ரெண்டையும் சேத்து உரிச்சேன். அதப் போயி யாரு ஞாபகம் வச்சா?” என்றார் மாமியார்.

துண்டுகளை மாட்டுகிற பொறுப்பு ஜுபைதாவின் அண்ணன் மீரானுக்கு. பீடிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அவனைக் காக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள். டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கி வந்தவன், துண்டுகளை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். ஒவ்வொன்றும் ஒரு முனையில் குறுகி, மறுமுனையில் அகன்றிருந்தது. எந்த முனை முன்னால் வரவேண்டும்?

“கேசட்ட இன்னொரு தடவ போடு ளா” என்றான்.

போட்டாள். கடைசியில் ஒரு வரி இருந்தது. “ஒரு துண்டுல சின்னக் கீறல் விழுந்திருக்கு. அது டிரைவர் பக்கத்துத் துண்டு. உள்பக்கந்தான், வெளிய தெரியாது.”

“சொல்லிட்டாருல்லா!” என்று மீரான் கீறல் விழுந்ததைத் தூக்கி, ஸ்டியரிங் இருக்கும் வலது பக்கத்தில் வைத்துப் பிடித்தான். அகன்ற முனை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“காக்கா, அகலமானது பின்னால வந்தாத்தான அழகா இருக்கும்?”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா மச்சான் டிரைவர் பக்கம்னுதான சொல்லுதாரு?”

“சொல்லத்தான் செய்யுதாவ.”

“அப்ப டிரைவர் எந்தப் பக்கம் உக்காருதான்? எனக்குத் தெரியாதா? நான் டிரைவர்லா!”

மறுபடி கேட்டார்கள். பிறகும் கேட்டார்கள். மீரான் கேட்டது டிரைவர் பக்கத்தை. ஜுபைதா கேட்டது வேறு. எங்காவது ஒரு மூச்சு இழுப்பில், ஒரு செருமலில் தன் கேள்விக்குப் பதில் ஒளிந்திருக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கிடைத்தது கீறல்தான். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கல்யாணம் பண்ணியது என்னையா, இந்த வண்டியையா என்று குழம்பினாள்.

முடிவில் மீரான் துளை போட்டு முடுக்கிவிட்டான். வண்டி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல நின்றது. தெருவே வந்து பார்த்து, ஃபாரின் மாடல் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை மாமியாருக்கு முட்டுவலி. “நீ போயிட்டு வா ளா” என்றுவிட்டார். துப்பட்டியைப் போட்டுக்கொண்டு ஜுபைதா முன்சீட்டில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து திருவனந்தபுரம் போனாள்.

உமர் பாரூக் தள்ளுவண்டியில் டி.வி. பெட்டியோடு வெளியே வந்தான். போட்டோவைவிட மெலிந்திருந்தான். காருக்குள் இருந்தவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அடுத்த கணமே கண் கதவுக்குக் கீழே போய்விட்டது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இரண்டு பக்கமும் அகன்ற முனை முன்னால் நின்றது.

“மாத்தி மாட்டிட்டியளே! டிரைவர் பக்கம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?”

“டிரைவர் பக்கந்தான மச்சான் மாட்டியிருக்கு!”

“எங்கன மாட்டியிருக்கு? கீறுனது அந்தப் பக்கம்லா கெடக்கு!”

“அதுதான டிரைவர் பக்கம்!”

இருவரும் ஒருவரை ஒருவர் பைத்தியமோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். “சரி, சாவியத் தாரும். நான் ஓட்டுதேன்” என்று பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய், இடது கதவைத் திறந்தான் உமர் பாரூக். ஸ்டியரிங் இருக்கவேண்டிய இடத்தில் ஜுபைதா இருந்தாள்.

கதவைப் பிடித்தபடியே நின்றான். அவளைப் பார்த்தான், அந்தப் பக்கத்து ஸ்டியரிங்கைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். ரியாத்தில் அவன் ஓட்டுகிற தண்ணி லாரியில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். ஊரில் வலது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மீரான் டி.வி. பெட்டிமேல் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான். ஜுபைதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. வீட்டு வண்டியில் எந்தக் கதவு தன்னுடையது என்பதே இவருக்குத் தெரியவில்லையே!

அவன் சுற்றிவந்து வலது பக்கம் ஏறினான். ரோட்டுக்கு வந்ததுமே எதிர்வரிசையில் திருப்பினான். எதிரே பஸ் அலறியது. “இங்கன, இங்கன! இடது பக்கமா வாங்க!” என்று கத்தினாள் ஜுபைதா. அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியை உலுக்கியது. மீரான் பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே தூங்கிவிட்டான். அவள் கேட்டேவிட்டாள். “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே நீங்க?”

அவன் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டான். “அங்கன இருந்தா எப்படா ஊருக்கு வருவோம்னு இருக்கு. இங்கன வந்து எறங்குனா எந்தக் கதவத் தொறக்கணும்னே தெரியல. எனக்கே ஒண்ணும் வெளங்கல, ஜுபைதா. அதான் கேசட்டுல வண்டியப் பத்தியே பேசுனேன்.”

அவள் எதிர்பார்த்த பதில் இல்லை அது. இருந்தும் அவளுக்கு அவன்மேல் முதல்முறையாகப் பாசம் பொங்கியது. தன்னைப் போலவே ஒருத்தன் குழம்பிப் போயிருக்கிறான் என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது.

“பைய போங்க” என்றாள். “லாரி வருது. இடது பக்கம் ஒதுங்குங்க.”

லீவு முடிந்ததும் அவன் போய்விட்டான். போகும்வரை துண்டுகளைக் கழற்றி மாற்றவில்லை. மீரான் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தபோதும், கிடக்கட்டும் என்று உமர் பாரூக் சொல்லிவிட்டான். ஜுபைதா பழையபடி கேசட்டுக்குக் காத்திருந்தாள். அது வந்த அன்று மாமியார் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். டேப் ரிக்கார்டரில் சத்தத்தைக் குறைத்துவைத்து, தனியே கேட்டாள்.

“ஜுபைதா” என்று ஆரம்பித்தது குரல். யாருக்கும் சலாம்கூட இல்லை. “நேத்து லாரியில ஏறப்போயி வலது கதவத் தொறந்துட்டு நிக்கேன். கூட இருக்கவனுவ எல்லாம் சிரிக்கானுவ. எனக்குச் சிரிப்பு வரல. நீ அங்கன இருந்து இடது பக்கமா வாங்கன்னு சொல்லுத மாதிரியே இருக்கு. நோம்புக்குள்ள கணக்க முடிச்சிட்டு வந்திருதேன். பெறவு போகல.”

அவள் சுற்றிவிட்டு மறுபடி கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன ளா, கேசட்டா?” மாமியார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். “வண்டியப் பத்தி என்ன சொல்லுதான்?”

“வண்டியப் பத்தி ஒண்ணுமே சொல்லல மாமி” என்றாள் ஜுபைதா.