நீலச் சீசாவில் இருந்தது

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அந்தப் பெண்ணை, கூட வேலை செய்கிறவர்கள் சீசாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டலுக்குப் பின்னால் நீச்சல் குளத்துக்குக் குழி தோண்டியபோது மண்ணோடு மண்ணாகச் சில பழைய கண்ணாடிச் சீசாக்கள் வந்து விழுந்தன. குப்பை என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். அவள் ஒன்றை எடுத்துக் குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள். எந்தக் காலத்திலோ எவனோ ஊதிய மூச்சு உள்ளேயே தங்கிவிட்டதுபோல் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

அதற்குப் பிறகு பழைய சாமான் கடைக்காரர் ஒருவரின் சகவாசம் கிடைத்தது. இடிக்கிற வீடுகளில் கிடைக்கும் சீசாக்களை அவளுக்கென்று எடுத்து வைப்பார். அச்சில் வார்த்தபோது விழுந்த கோடு வாய்வரை ஓடுகிறதா, கழுத்தோடு நின்றுவிடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்குவாள். கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள், பழசு என்று அர்த்தம். சில வருஷத்தில் உள்ளறைச் சுவர் அலமாரி நிரம்பிவிட்டது.

சீசா சேரச் சேரக் கவலையும் சேர்ந்தது. தெருவில் லாரி போனால் ஓடிப்போய் அலமாரியைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கணவர், உன்னையும் பஞ்சில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிடலாம் போலிருக்கிறதே என்று கேலி செய்வார்.

இதெல்லாம் உடைந்துவிடுமோ என்ற பயம். அந்த அலமாரியில் வேறு விதமான பயமும் ஒன்று இருந்தது. கருநீலத்தில், ஆறு பட்டையாக, பட்டைதோறும் வரிவரியாய் மேடு வைத்த சீசா. இருட்டில் கை பட்டாலும் விஷம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். கார்க்கின்மேல் மெழுகு. பக்கவாட்டில் எழுத்து மங்கிப்போன ஒரு பழைய காகிதம். உள்ளே பாதிக்கு என்னவோ திரவம். அதுபோல் திறக்காத சீசா கிடைப்பது அபூர்வம் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அதையும், திரவத்தோடு இருந்த இன்னும் இரண்டு சின்னச் சீசாக்களையும் அவள் எட்டாத தட்டில் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று முடிவானபோது கணவரின் தம்பியே வந்தான். அவன் பெயிண்டர். கூலி பேசினால் கோபித்துக்கொள்கிற கொழுந்தன். அவனிடம் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள்: உள்ளறையை மட்டும் தொடாதே, மத்தியானம் வந்து நானே சீசாக்களை இறக்கித் தருகிறேன். அவனும் தலையாட்டினான்.

மத்தியானம் வந்து பார்த்தால் அலமாரி காலி. அவள் பின்பக்கம் ஓடினாள். பின்வாசல் துவைக்கிற கல்மேல் துணி விரித்து, அத்தனை சீசாவும் பளபளவென்று வெயிலில் வரிசையாக நின்றன. கொழுந்தன் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரே தூசியா இருந்துச்சு அண்ணி. நீங்க வேலைக்குப் போயிட்டு வந்து எப்ப இறக்கறதுன்னு நானே எல்லாத்தையும் கழுவிட்டேன். ஒண்ணுகூட உடையல."

அவள் கண் நீலச் சீசாவைத் தேடியது. அதுவும் வெயிலில்தான் நின்றது. காலியாக. திரவம் இருந்த சின்னச் சீசாக்கள் இரண்டும் மூடி திறக்காமல் பக்கத்தில் இருந்தன. நீலச் சீசாவில் ஒட்டியிருந்த காகிதம் ஊறிப்போய்க் காணாமல் போயிருந்தது. ஐயோ, காகிதம் போச்சே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, இதை எப்படித் திறந்தே?"

"வரவே இல்ல. பல்லால கடிச்சு இழுத்தேன்."

பெயின்ட் டப்பாவிலிருந்து தின்னர் பாட்டில்வரை எல்லாவற்றையும் பல்லால் திறக்கிறவன் அவன். என்ன வாசனை வந்தது என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் தரை துடைப்பார்களே, அந்த வாசனை என்றான். நாக்கு நுனி மட்டும் மரத்தமாதிரி இருக்கிறது என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். கீழ்உதட்டில் சுண்ணாம்பு பட்டதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பு அடிக்கிறவன்தானே என்று துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

அவன் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கார்க்கைத் தேடி எடுத்தாள். கார்க்கையும் சீசாவையும் பையில் கட்டிக்கொண்டு அவனை ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் ஒவ்வொரு சிக்னலிலும் அவன் முகத்தையே பார்த்தாள். அவனுக்கும் இப்போது சிரிப்பு போய்விட்டது. அண்ணி, அது என்ன, சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டதும் அதே கேள்வி. உள்ளே என்ன இருந்தது? எத்தனையோ வருஷம் பக்கத்திலேயே வைத்துப் படுத்த பொருளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பையை நீட்டினாள். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு, கார்க்கை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்து வாசனை பார்த்தார். பிறகு அவன் உதட்டையும் நாக்கையும் பார்த்தார். பழைய காலத்தில் காயம் கழுவ வைத்திருந்த கார்பாலிக் அமிலமாக இருக்கலாம், தோலைச் சுடும், உள்ளே போனால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்றார். விழுங்கினாயா என்று கேட்டதற்கு, துப்பிவிட்டேன் என்று நினைக்கிறேன் என்றான். அந்த 'நினைக்கிறேன்' அவளைக் கொன்றது.

படுக்கையில் போட்டார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். கைகளில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டும் தகடு கீறிய காயங்கள் இருந்ததால் கைகளையும் நெடுநேரம் கழுவினார்கள். கணவர் பாதி முடி வெட்டியிருந்த ஆளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, தோளில் போட்ட துணியோடு ஓடி வந்தார். அவளைத் திட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, தம்பி கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

சிறுநீர் கருப்பாகப் போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அண்ணியிடம் சொல்லக் கூச்சப்பட்டு அவன் அண்ணனிடம் சொல்ல, அவர் வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டுவார். ஒவ்வொரு தடவையும் அந்தத் தலையாட்டலுக்காக அவள் நாற்காலி நுனியில் காத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒயர்களைக் கழற்றினார்கள். இதயம், சிறுநீரகம் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. உதட்டில் மட்டும் தோல் உரியும், ஆறிவிடும் என்றார்கள். கொழுந்தன் எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, அந்தக் காகிதம் முக்கியமா அண்ணி என்றுதான். அவன் அதைக் கவனித்திருக்கிறான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு மண்ணும் இல்லப்பா. நீ எழுந்திரிச்சு வா."

திரவத்தோடு மிச்சமிருந்த இரண்டு சின்னச் சீசாக்களையும் திறக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அடுத்த வாரம் அவற்றை ஹோட்டல் துண்டில் சுற்றி, டிபன் பெட்டிக்குள் நிறுத்தி, மடியில் வைத்துப் பஸ்ஸில் போனாள். டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் இரண்டு கையாலும் மூடியை அழுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், குழம்பு சிந்திவிடும் என்று பயமா, நான் வேண்டுமானால் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டுச் சீசாக்கா ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒண்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரசாயனக் கழிவு வாங்கும் ஆள் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ஒரு கையெழுத்து வாங்கினார். பெட்டி வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.